திறக்காத பெட்டிக்காரர்

மார்ச் 3

மதிப்புக்குரிய பெரிய சகலை அவர்களுக்கு,

பத்து வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்தவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு யோசிப்பீர்கள். எனக்கும் ஆசை இல்லை. சங்கம் எழுதச் சொன்னது, எழுதுகிறேன்.

பழஞ்சுருட்டுச் சேகரிப்பாளர் சங்கம் ஜூன் மாதம் கண்காட்சி நடத்துகிறது. முத்திரை உடைக்காத பெட்டிகளுக்கு என்று இந்த முறை தனியாக ஒரு பதக்கம் கொடுக்கிறார்கள். அந்தப் பதக்கத்துக்கு நம் மாமனார் பெயரை வைக்கப் போகிறார்களாம். செயலாளர் என் கடைக்கே வந்து சொன்னார். "கப்பல்ல தந்தி அடிச்ச மனுஷன். கேப்டன் கையால வாங்கின கியூபா சுருட்டுப் பெட்டி. கண்ணாடி அலமாரியில வச்சுக்கிட்டு சாகிற வரைக்கும் திறக்கவே இல்ல. யாருங்க அப்படி இருப்பா?" என்றார். நான் சுருட்டு விற்பவன், நானும் தலையாட்டினேன்.

ஒரு நிபந்தனை உண்டு. மாமா காலமான பிறகு நம் வீட்டு அக்காளும் தங்கையும் பெட்டியைத் திறந்து பாகம் பிரித்ததில், பெட்டி உங்கள் வீட்டுக்கும் உள்ளே இருந்த சுருட்டுகள் என் வீட்டுக்கும் வந்தன. இரண்டையும் சேர்த்து மேசையில் வைக்க வேண்டுமாம். இந்தச் சுருட்டுகள் இந்தப் பெட்டியுடையவைதான் என்று நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

உங்களை எனக்குத் தெரியும். அன்று எண்ணிப் பார்த்தபோது இருபத்தைந்தில் ஒன்று குறைந்தது. "வீடு போய்ச் சேர்றதுக்குள்ளயே ஒண்ண ஊதிட்டான் பாரு" என்று வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள். "காலிப் பெட்டிக்கு ஏத்த ஆளுதான் நீங்க" என்று நான் சொன்னதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே நீங்கள் மறுத்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. மறுப்பதானால் இரண்டு வரி எழுதுங்கள், செயலாளரிடம் காட்டிவிடுகிறேன். பழி என் மேல் விழாது.

இப்படிக்கு,
சின்ன சகலை


மார்ச் 11

சகலைக்கு,

கடிதம் கிடைத்தது. மறுக்கிறேன்.

இரண்டு வரி போதும் என்றாய். ஆனால் காரணம் இல்லாமல் மறுத்தான் கிழவன் என்று உன் செயலாளர் சொல்லக் கூடாது. பெட்டியின் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் கலங்கரை விளக்கப் படம் கல் அச்சில் அடித்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சுற்றி இருக்கும் பதக்கங்களில் பொன்தூள் போட்டு, பிறகு பின்னாலிருந்து அழுத்திப் புடைக்க வைத்திருக்கிறார்கள். லேபிள் அச்சகத்தில் காலம் முழுக்க ஃபோர்மேனாக இருந்தவன் சொல்கிறேன், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தால்கூட அந்தப் பொன் உதிரும். அனுப்ப முடியாது. இங்கே வந்து பார்க்கவும் வேண்டாம்.

"பழி என் மேல் விழாது" என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். கடைக்காரன் கடைக்காரன்தான்.

சுருட்டுகள் மிச்சம் இருந்தால் நன்றாக வைத்துக்கொள்.

பெரிய சகலை


மார்ச் 19

பெரிய சகலை அவர்களுக்கு,

நீங்கள் மறுத்து எழுதியதைக் கையோடு கொண்டுபோய்ச் செயலாளரிடம் காட்டினேன். உள்ளபடியே சொல்கிறேன், அதை எடுத்துக்கொண்டு போகும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் விடாக்கண்டர். "சகலைங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், அதுக்காக அந்தப் பெரிய மனுஷன் பேர விட முடியுமா? நாங்களே ஆளனுப்பி ரெண்டு வீட்டிலயும் பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

வரப்போகிறவர் ஒரு பரிசோதகர் அம்மாள். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். போன வருடம் ஒரு டாக்டர் பெருமையாகக் கொண்டுவந்த பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் குத்தியிருந்த முத்திரையின் மையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "எழுத்து பழசு, மை புதுசு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். டாக்டர் அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கமே வரவில்லை.

அவர் மே கடைசியில் வருகிறார். எனக்கு ஒரு யோசனை. பெட்டி தொலைந்துவிட்டது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் என்ன? வீடு மாறும்போது எத்தனையோ சாமான் தொலைகிறது. நானும் என் பங்குக்கு வண்டு துளைத்துவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

பதிலைக் கடை முகவரிக்குப் போடுங்கள். வீட்டுக்கு வந்தால் இவள் பிரிப்பாள்.

சின்ன சகலை


மார்ச் 27

சகலைக்கு,

நான் வீடே மாறவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே வீடு. இது உனக்கும் தெரியும். தெரிந்தும் இப்படி ஒரு பொய்யைச் சொல்லச் சொல்கிறாய் என்றால் உனக்கு என்னவோ பயம் இருக்கிறது. என்ன பயம் என்று மூன்று நாளாக யோசித்தேன். எனக்கு இருக்கிற பயம்தானோ என்று ஒரு சந்தேகம் வந்தது.

சரி, நான் மூத்தவன், நானே சொல்கிறேன். சிரிக்காமல் படி.

பெட்டியின் ஓரத்தில் மூடியையும் உடலையும் சேர்த்து ஒட்டியிருக்கும் பச்சை முத்திரைத் தாளைப் பாகப்பிரிவினை அன்றுதான் பெண்கள் பிளேடால் கீறினார்கள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். தாள் அசல்தான். ஆனால் பசை அசல் இல்லை. தொழிற்சாலையில் போடுவது வஜ்ஜிரப் பசை, காய்ந்தால் பழுப்பாகிப் பொடிப்பொடியாக உதிரும். இதில் அந்தப் பழுப்பின் மேலே வெள்ளையாக இன்னொரு பசை இருக்கிறது. மைதாப் பசை! யாரோ ஆவி காட்டித் தாளை அலுங்காமல் எடுத்திருக்கிறார்கள், பெட்டியைத் திறந்திருக்கிறார்கள், மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை. அடுக்கு தெரிகிறது. ஒட்டிய கை நல்ல கை, அதையும் சொல்ல வேண்டும். ஒரு சுருக்கம் இல்லை.

அலமாரிச் சாவி மாமாவிடம்தான் இருந்தது. வேறு யாரைச் சந்தேகப்படுவது?

அதற்குப் பிறகு நீ பெட்டியைப் பார்க்கக் கேட்டாய், நான் கையில் தரவில்லை. நீ வாய்த்துடுக்குக்காரன். பார்த்தால் கண்டுபிடிப்பாய், கண்டுபிடித்தால் ஊரைக் கூட்டுவாய் என்று நினைத்தேன். மாமா பெயர் கெடக் கூடாது என்றுதான் இத்தனை வருடமும் உன்னை வாசல்படி மிதிக்க விடவில்லை. உன் அண்ணிக்கும் இது தெரியாது. "எங்கப்பா புகை வர்ற பக்கம்கூடப் போக மாட்டாரு" என்று இன்றைக்கும் சொல்வாள்.

நானும் இதைக் கடை முகவரிக்கே போடுகிறேன். நீ எனக்கு எழுதும்போது பழைய அச்சகத்துக்குப் போடு, வாட்ச்மேன் வாங்கி வைப்பான்.

பெரிய சகலை


ஏப்ரல் 4

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படித்தேன். படித்து முடித்துவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். சிரிக்கவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

சுருட்டுகளை என்னிடம் கொடுத்த ஒரு வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சுருட்டின் கழுத்தில் ஒரு காகிதப் பட்டை இருக்கும் அல்லவா, அதன் ஒரு நுனி மற்றதன் மேல் ஏறி ஒட்டியிருக்கும். இவற்றில் மேல் நுனி எட்டவேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. பழைய பசைத் தடம் வெளியே தெரிகிறது. பட்டை அசல், ஆனால் பழைய சுருட்டைவிடக் கொஞ்சம் தடித்த வேறு சுருட்டில் ஏற்றியிருக்கிறார்கள். சுருட்டும் மட்டமானதில்லை, கியூபாச் சரக்குதான், ஆனால் பல வருடம் பிந்தியது. துறைமுகத்தில் மாமாவுக்குத் தெரிந்த கப்பல்காரர்கள் எத்தனையோ பேர்.

தடித்த சுருட்டு என்பதால்தான் அண்ணே, பெட்டிக்குள் இருபத்தைந்து பிடிக்கவில்லை. இருபத்துநாலுதான் பிடித்திருக்கிறது. அந்த ஒன்றை நான் ஊதவில்லை. இன்றுவரை அதில் ஒன்றைக்கூட நான் பற்றவைத்ததில்லை.

இதை அன்றைக்கு அடுத்த வாரமே உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமா மாட்டிக்கொள்வார். நீங்கள் முகத்தை ஒரு மாதிரி கோணிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வீர்களே, அந்த வார்த்தைக்கு மாமாவை ஆளாக்க எனக்கு மனசு வரவில்லை. என் மாமனாரை நீங்கள் கேலி செய்வதைவிட என்னைத் திருடன் என்று நினைப்பது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பரவாயில்லை என்று நினைத்தேனே தவிர, அப்படி இருக்கவில்லை.

இன்னொன்று. இருபத்துநாலில் ஒன்றே ஒன்றில் மட்டும் பட்டை அம்சமாக உட்கார்ந்திருக்கிறது. அது மெலிந்தது, பழையது. பக்கத்துச் சுருட்டுகள் அழுத்தி அழுத்தி அதன் ஓரங்கள் தட்டையாகியிருக்கின்றன. அது ஒன்றுதான் கேப்டன் கொடுத்தது. ஏனோ அதை மட்டும் மாமா விட்டுவைத்திருக்கிறார்.

நான் முதல் கடிதத்தை எதற்கு அப்படி எழுதினேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நீங்கள் கோபப்பட்டு மறுக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

நான் சொன்ன வார்த்தை தப்பு. எல்லார் முன்னாலும் சொன்னேன், இப்போது ஒரு கடிதத்தில் திரும்பப் பெறுவது கணக்கில் சேராது. நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

இப்போது ஆக வேண்டியதைப் பார்ப்போம். அந்த அம்மாள் வந்து சுருட்டுகளைப் பெட்டியில் அடுக்கினால் தீர்ந்தது. பெட்டியின் உள்தாளில் பழைய சுருட்டுகளின் எண்ணெய் இறங்கி வரிவரியாகத் தடம் விழுந்திருக்கிறது. உன் சுருட்டுகள் அந்த வரிகளில் உட்காராது.

ஆனால் யோசித்துப் பார். தாளும் பசையும் அச்சும் எனக்குத் தெரியும். இலையும் பட்டையும் உனக்குத் தெரியும். நீயும் நானும் சேர்ந்தால் உலகத்தில் எந்தப் பரிசோதகரும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காலத்துத் தாள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. உள்தாளை மாற்றிவிடுகிறேன், உன் சுருட்டின் தடிமனுக்கு வரி போடுகிறேன், முத்திரையை வஜ்ஜிரத்தில் ஒட்டி ஒரே கீறலாகக் காட்டுகிறேன். பட்டைகளை நீ பார்த்துக்கொள். மாமா பெயர் பதக்கத்தில் ஏறட்டும். மற்றது நம் இரண்டு பேரோடு போகட்டும்.

சுருட்டின் அளவையும், சோதனைக்கு ஒரு சுருட்டையும் அனுப்பு.

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணே,

அளவு இதோடு இருக்கிறது. சுருட்டு ஒன்றைத் தகர டப்பாவில் வைத்து அனுப்பியிருக்கிறேன், டப்பாவுக்குள் ஈரத்துணி போடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

மனசு ஒப்பவில்லை. போலியைக் கண்டால் கடையை விட்டு விரட்டுகிறவன் நான். நேற்று ஒருத்தனை அப்படித்தான் விரட்டினேன், அவன் போன பிறகு பட்டையை நீவிக்கொண்டு உட்கார்ந்தேன். இருந்தாலும் நீங்களும் நானும் சேர்ந்து ஒரு வேலை செய்வது இதுதான் முதல் தடவை. அது வேறு சந்தோஷமாக இருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். சீக்கிரம் முடியுங்கள்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

காரியம் கெட்டது. நிதானமாகப் படி.

உள்தாள் ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் வேண்டாம், மைதாப் பசை போதும் என்று, உன் அண்ணி கடைக்குப் போன நேரம் பார்த்து அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தேன். பர்ஸை மறந்துவிட்டாள் என்று பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாள். மேசையில் பெட்டி, பக்கத்தில் உன் சுருட்டு, அடுப்பில் பசை. நான் ஏதோ உளறுவதற்குள் அவள் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"துளி மயில்துத்தம் போடாம விட்டா பூச்சி வந்துரும். இவ்வளவு கட்டியாவும் இருக்கக் கூடாது, தாள் சுருங்கிடும்" என்றாள்.

நான் கரண்டியும் கையுமாக நின்றேன். "உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த முத்திரைய ஒவ்வொரு தடவையும் யார் ஒட்டினதுன்னு நெனச்சீங்க?"

தம்பி, ஒட்டிய கை நல்ல கை என்று எழுதினேனே, அந்தக் கையில்தான் காலம் முழுக்கக் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவளுக்குச் சின்ன வயதில் விடாத காய்ச்சல் வந்து இறங்கிய சாயங்காலம் மாமா முதல் சுருட்டை எடுத்தாராம். அதற்கப்புறம் காரணமே தேவைப்படவில்லையாம். அவர் மொட்டைமாடியில் நின்று பிடிப்பார். இரண்டு பெண்களும் படிக்கட்டில் உட்கார்ந்து, அம்மா வருகிறாளா என்று காவல். மாமியாருக்குக் கொடுத்த வாக்காம், புகை பிடிக்க மாட்டேன் என்று. பெட்டி காலியாகக் கூடாதே என்று வேறு சுருட்டு வாங்கி வைத்தார். பெரியவள் முத்திரை ஒட்டுவாள். பட்டையைக் கழற்றி மாட்டுவதற்கு விரல் சின்னதாக இருக்க வேண்டும், அது சின்னவள் வேலை.

பாகம் பிரித்ததும் இவர்கள் யோசனைதானாம். "நீங்க ரெண்டு பேரும் பெரிய நிபுணருங்க. ஒரே ஆள் கையில ரெண்டும் போனா அரை நாள்ல தெரிஞ்சுடும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒன்று குறைந்ததற்கு அவனைத் திருடன் என்றேனே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க, எப்படிச் சொல்றது? அப்புறம் நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. நாள் ஆக ஆகச் சொல்ல வாய் வரல. கடைசியில பார்த்தா அம்மாவுக்கு எல்லாம் தெரியுமாம். ஆஸ்பத்திரியில இருக்கும்போது, 'அந்தச் சட்டையெல்லாம் துவைச்சது யாருடீ'ன்னு கேட்டாங்க."

அப்படியானால் பதக்கம் என்ன ஆவது, மாமா பெயர் என்ன ஆவது என்றேன். அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

"திறக்கலன்னு அப்பா என்னிக்காவது சொன்னாரா? யார் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டு நிப்பாரு. திறக்காத பெட்டிக்காரர், திறக்காத பெட்டிக்காரர்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நீங்க ரெண்டு மருமகன்களும்தான்."

பசையைக் கொட்டிவிட்டேன். உள்தாளைத் தொடவில்லை. இருக்கிறபடியே இரண்டையும் மேசையில் வைக்க வேண்டும் என்று அக்காளும் தங்கையும் போனில் முடிவு செய்துவிட்டார்கள். பரிசோதகர் அம்மாள் வீடு வீடாக அலையவும் வேண்டாமாம், எல்லாவற்றையும் கண்காட்சியிலேயே பார்த்துக்கொள்ளட்டுமாம். அவர்கள் எங்கே பிரிந்தார்கள்? தினம் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பிரிந்து கிடந்தது நீயும் நானும்தான்.

பெட்டியை உன் அண்ணியே மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். பொன் உதிராதாம். நான் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அண்ணன்


ஜூன் 16

அண்ணே,

அண்ணியும் பெட்டியும் பத்திரம். நடந்ததைச் சொல்கிறேன்.

பரிசோதகர் அம்மாள் நம் மேசைக்குத்தான் முதலில் வந்தார். சுருட்டுகளை அடுக்கப் பார்த்தார், ஓரத்தில் முட்டியது. உள்தாளைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், முத்திரையில் வெகுநேரம் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவளும் அண்ணியும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டார்கள். மொட்டைமாடி, படிக்கட்டு, சட்டை ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மாள் சிரிக்கவே மாட்டார் என்று பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு எழுதினார்: பெட்டி அசல், சுருட்டுகள் அசல், ஒன்றுக்கு ஒன்று சொந்தமில்லை, முத்திரை தேர்ந்த கையால் மீண்டும் ஒட்டப்பட்டது. "தேர்ந்த கை" என்ற இடத்தை அண்ணி என்னிடம் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

செயலாளருக்கு முகம் செத்துவிட்டது. பதக்கத்தில் மாமா பெயர் இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இவள் மட்டும், "பூட்டின பெட்டிக்கு எதுக்கு எங்கப்பா பேரு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள். பதக்கம் யாருக்கும் கொடுக்கவில்லை என்பது வேறு கதை. அந்த அம்மாள் எங்கள் மேசையில் இருக்கும்போதே, கடைசி வரிசையில் இரண்டு பேர் தங்கள் திறக்காத பெட்டிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

நான் ஒன்றே ஒன்று செய்தேன். ஒன்று குறைந்த அன்று இருந்தவர்களில் பாதிப் பேர் அங்கே வந்திருந்தார்கள். பரிசோதகர் எழுதிய தாளை மேசையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்து வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். இருபத்துநாலுக்குமேல் பிடிக்காது என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொருவரும் படித்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நீங்கள் இருந்திருக்க வேண்டும் அண்ணே.

அண்ணி இங்கேயேதான் இருக்கிறார். நீங்கள் வந்து அழைத்துப் போனால்தான் வருவாராம், பஸ்ஸில் தனியாக வர மாட்டாராம். பெட்டியோடு வரும்போது மட்டும் எப்படி வந்தார் என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள். கேப்டன் கொடுத்ததில் மிச்சம் இருக்கிற அந்த ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள எடுத்து வைத்திருக்கிறேன். மொட்டைமாடியில் இரண்டு நாற்காலி போட்டாகிவிட்டது. படிக்கட்டை இவள் பெருக்கிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். அக்காளும் தானும் அங்கே உட்காரப் போவதாகச் சொன்னாள்.

"யாருக்குக் காவல்? உங்கம்மாதான் இல்லையே?" என்றேன்.

"அதனால என்ன? ரெண்டு பேர் மேல நின்னு பிடிக்கும்போது, கீழ ரெண்டு பேர் உக்காந்துதான் ஆகணும்" என்றாள்.

தம்பி